சோலைக்குருவிக்குப் பெயர் வைத்த டாக்டர்!

ஊட்டிப் பக்கம் சோலைக்காட்டுக்குள் போனால், மூட்டத்துக்கு நடுவே தரையை ஒட்டித் தாவுற ஒரு குட்டிக் குருவியைப் பார்க்கலாம். ஆணுக்கு உடம்பு பளிச் ஆரஞ்சு. தலையும் இறக்கையும் கன்னங்கருப்பு. பேரு, கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான்.

1839-ல் இதற்கு அறிவியல் பெயர் தந்தவர் தாமஸ் ஜெர்டன். 1811-ல் இங்கிலாந்தில் பிறந்து, எடின்பரோவில் மருத்துவம் படித்து, 1836-ல் மெட்ராஸுக்கு வந்த கம்பெனி டாக்டர். சம்பளம் என்னவோ வைத்தியத்துக்குத்தான். மனசு முழுக்கப் பறவைங்க மேல. மாற்றலாகிப் போன ஊரிலெல்லாம் பறவைகளைத் தேடினார். 1862-ல் 'இந்தியப் பறவைகள்' நூல் வெளிவரத் தொடங்கியது. 1872-ல் லண்டன் பக்கம் காலமானார்.

பெயருக்கு மட்டும் மனுஷன் ரொம்ப மெனக்கெடலை. 'நைக்ரோரூஃபா'ன்னா கருஞ்சிவப்பு, அவ்வளவுதான்! மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தாண்டினால் இந்தக் குருவி உலகில் எங்குமே கிடையாது. அங்கேயும் சோலை இருந்த இடம் பலவற்றில் இப்போ தேயிலையும் சீகை மரமும்தான் நிற்குது.