வேலி ஓரத்தில் ஒரு ஓவியம்!

1918-ம் ஆண்டு மார்ச் மாதம். முதல் உலகப்போர் உச்சத்தில் இருந்தது. ஜெர்மானியரின் நெடுந்தூர பீரங்கி பாரிஸ் நகரத்தின் மீது குண்டு வீசிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் பாரிசில் ஓர் ஏலம் நடந்தது. காலமான ஓவியர் டெகா சேர்த்து வைத்திருந்த படங்கள் ஏலத்துக்கு வந்தன. குண்டுச் சத்தத்தில் யார் துணிந்து விலை கேட்பார்கள்? படங்கள் மலிவாகப் போயின.

லண்டனில் இருந்து ஒருவர் இதற்காகவே வந்திருந்தார். அவர் பிரிட்டிஷ் நிதி இலாகா அதிகாரி, ஜான் மேனார்டு கீன்ஸ். வயது 34.

போருக்கே பணம் போதாத காலம் அது. ஆனாலும் மேலிடத்தில் வாதாடி, படம் வாங்க 20 ஆயிரம் பவுன் அனுமதி பெற்றிருந்தார். தேசிய ஓவியக் கூடத்தின் தலைவரையும் கூட்டி வந்திருந்தார். அப்படித்தான் மானே, தெலக்ருவா ஆகியோரின் படங்கள் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தன.

தன் சொந்தப் பணத்தில் கீன்சும் ஒரு படம் வாங்கினார். செசான் தீட்டிய ஆப்பிள் பழங்கள். ஊர் திரும்பியபோது, கிராமத்தில் இருந்த நண்பர்கள் வீட்டுக்குப் போகும் சந்தின் முனையில் கார் அவரை இறக்கிவிட்டது. கையில் மூட்டை முடிச்சுகள். எல்லாவற்றையும் தூக்க முடியவில்லை. விலை மதிப்பில்லாத அந்த ஓவியத்தை வேலி ஓரத்தில் வைத்துவிட்டு நடந்தார்! நண்பர்கள் ஓடிப்போய் எடுத்து வந்தார்கள்.

பம்பாய்க்கு காளைகள்

கீன்ஸ் 1883-ல் கேம்பிரிட்ஜில் பிறந்தவர். முதல் உத்தியோகம், லண்டனில் இருந்த இந்தியா ஆபீசில். அங்கே அவர் செய்த முதல் வேலை, 10 காளைகளை பம்பாய்க்கு கப்பலேற்றி அனுப்பியது! அவருடைய முதல் புத்தகமும் இந்திய நாணயத்தைப் பற்றியதுதான். பொருளாதார மேதை என்று உலகம் புகழ்ந்தது பிறகு வந்த கதை.

1925-ல் அவர் லிடியா என்ற ரஷிய நடன மணியை மணந்தார். கேம்பிரிட்ஜில் நல்ல நாடகக் கொட்டகை இல்லையே என்ற குறை அவருக்கு இருந்தது. பெரும்பகுதி தன் பணத்தைப் போட்டு ஒன்றைக் கட்டினார். 1936-ல் அது திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே மாரடைப்பு அவரைப் படுக்கையில் தள்ளியது.

பணம் உண்டு, உத்தரவு இல்லை

இரண்டாம் உலகப்போர் வந்தது. தொழிற்சாலைகளுக்கும் சிற்றூர்களுக்கும் கச்சேரியும் நாடகமும் கொண்டுபோக ஒரு கவுன்சில் 1940-ல் அமைக்கப்பட்டது. 1942-ல் கீன்ஸ் அதன் தலைவர் ஆனார்.

சர்க்கார் பணம் தரட்டும். ஆனால் எதைப் பாடு, எதைத் தீட்டு என்று சொல்லக்கூடாது. இதுதான் அவர் பிடித்த பிடி. பணம் கொடுப்பவன் சும்மா இருப்பானா? அதனால்தான் மந்திரிகளுக்கும் கலைஞர்களுக்கும் நடுவே ஒரு தனி மன்றம் வேண்டும் என்று நின்றார். போர் முடிந்த பிறகும் அது நீடிக்கும் என்று 1945-ல் சர்க்கார் அறிவித்தது.

அவரிடம் குறையும் இருந்தது. கிராமத்து அமெச்சூர் குழுக்களை அவர் பெரிதாக மதிக்கவில்லை. உயர்தரம், உயர்தரம் என்று லண்டன் பக்கமே சாய்ந்தார்.

மன்னர் வந்த இரவு

லண்டன் கோவன்ட் கார்டன் இசை நாடக அரங்கம் போர்க்காலத்தில் ஜோடி நடனக் கூடமாக மாறிக் கிடந்தது. அதை மீட்கும் குழுவுக்கும் கீன்ஸ்தான் தலைவர். 1946 பிப்ரவரி 20-ந் தேதி அரங்கம் மீண்டும் திறக்கப்பட்டது. மன்னர் 6-ம் ஜார்ஜும் ராணியும் வந்தார்கள். வரவேற்க வேண்டிய கீன்சுக்கு அந்த நேரம் பார்த்து நெஞ்சு வலி. மனைவி லிடியா முன்னால் போய் மன்னரை வரவேற்றார்.

ஏப்ரல் 21-ந் தேதி, ஈஸ்டர் ஞாயிறன்று, கீன்ஸ் காலமானார். வயது 62. லண்டனில் நடந்த அஞ்சலிக்கு அவருடைய தாயும் தந்தையும் வந்திருந்தார்கள். தந்தைக்கு 90 வயது தாண்டியிருந்தது.

கலை மன்றத்துக்கு அரச சாசனம் கிடைத்தது அந்த ஆகஸ்டு மாதத்தில்.