இருமொழித் திரைக்கலைஞர் பி. ஆர். பந்துலு

கோலார் தங்கவயலில் ஆங்கிலேய நிறுவனங்கள் சுரங்கம் வெட்டத் தொடங்கிய 1880ஆம் ஆண்டு முதலாகவே, வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் பிழைப்புத் தேடி அங்குச் சென்று குடியேறின. கன்னடமும் தெலுங்கும் வழங்கிய அம்மண்ணில் தமிழும் வேரூன்றியது. அதே கோலார் மாவட்டத்திலிருந்து ஓர் இளைஞர் எதிர்த்திசையில் சென்னைக்குப் பயணமானார். புடகூரு இராமகிருஷ்ணையா பந்துலு என்பது அவரது முழுப்பெயர். தமிழர்கள் அவரை பி. ஆர். பந்துலு என்றே அறிவர்.

பந்துலு 1910ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 26ஆம் நாள் பிறந்தார். தெலுங்கில் பந்துலு என்னும் சொல்லுக்கு ஆசிரியர் என்றும் பொருள் உண்டு. பெயருக்கு ஏற்ப அவர் முதலில் ஆசிரியராகவே பணியாற்றினார். ஆயினும் நாடக மேடை அவரை ஈர்த்தது. முகமது பீர் என்னும் புகழ்பெற்ற நடிகர் நடத்திவந்த சந்திரகலா நாடக மண்டலியில் சேர்ந்து கன்னட நாடகங்களில் நடித்தார். அக்குழு மேடையேற்றிய 'சம்சார நௌகா' என்னும் நாடகம் 1936இல் திரைப்படமாயிற்று. கன்னடத்தின் முதல் சமூகத் திரைப்படம் எனப்படும் அதில் பந்துலு நாயகனாகவும் எம். வி. இராஜம்மா நாயகியாகவும் நடித்தனர்.

அக்காலத்தில் கன்னடப் படங்களும் பெரும்பாலும் தமிழ்நாட்டிலேயே உருவாயின. கன்னட நடிகர் ஒருவர் திரைத்துறையில் நிலைபெற வேண்டுமாயின் சென்னைக்குச் சென்றாக வேண்டும். தங்கவயலுக்கு வந்த தமிழ்த் தொழிலாளரைப் போலவே பந்துலுவும் வேலையின் பொருட்டுப் பிறமொழி வழங்கும் ஊரில் குடியேறினார், அம்மொழியைப் பழகிக்கொண்டார். 1947இல் வெளிவந்த 'நாம் இருவர்' உள்ளிட்ட தமிழ்ப் படங்களில் நடித்தார்.

நடிப்பு அவருக்குப் பெயரைத் தந்தது; எனினும் தாமே படம் எடுக்க வேண்டும் என்னும் ஆர்வமும் அவருக்கு இருந்தது. பத்மினி பிக்சர்ஸ் என்னும் நிறுவனத்தின் வழியாகத் தயாரிப்பில் ஈடுபட்டார். 1954இல் வெளியான 'கல்யாணம் பண்ணியும் பிரம்மச்சாரி', அடுத்த ஆண்டில் வெளியான 'முதல் தேதி' ஆகிய படங்களை ப. நீலகண்டன் இயக்கினார். 1957இல் 'தங்கமலை ரகசியம்' படத்தின் வழியாகப் பந்துலு இயக்குநரானார். அதே கதையைக் கன்னடத்தில் 'ரத்னகிரி ரகசிய' எனவும் எடுத்தார். ஒரு கதையை இரு மொழிகளில் படமாக்குவது எளிதன்று. உரையாடலையும் பாடலையும் தனித்தனியே எழுத வேண்டும். நடிகர்கள் பலரை மாற்ற வேண்டும். ஒரே காட்சியை மறுபடியும் எடுக்க வேண்டும். இத்தொல்லையைப் பந்துலு மனமுவந்து ஏற்றார்.

1958இல் அவர் கன்னடத்தில் இயக்கிய 'ஸ்கூல் மாஸ்டர்' அவரது வாழ்வோடு நெருங்கியது. நேர்மையான ஆசிரியர் ஒருவர் முதுமையில் பெற்ற மக்களால் கைவிடப்படுகிறார். முன்பு அவரிடம் பயின்ற குறும்புக்கார மாணவனே காவல்துறை அதிகாரியாகி அவரைக் காக்கிறான். ஆசிரியராகப் பந்துலுவே நடித்தார். காவல்துறை அதிகாரியாகச் சிறிய வேடத்தில் சிவாஜி கணேசன் தோன்றினார். இக்கதை பின்னர் இந்தி, மலையாளம், தெலுங்கு, தமிழ் ஆகிய மொழிகளுக்கும் சென்றது. தெலுங்கில் அதற்கு இடப்பட்ட பெயர் 'படி பந்துலு'. பள்ளி ஆசிரியர் என்பது அதன் பொருள்.

அடுத்த ஆண்டில் வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' பந்துலுவின் பெயரைத் தமிழகமெங்கும் பரப்பியது. 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரரின் வரலாறு அது. சக்தி கிருஷ்ணசாமி எழுதி, சிவாஜி கணேசன் மேடையில் நடித்துவந்த நாடகத்தைப் பந்துலு வண்ணப்படமாக்கினார். கெய்ரோ நகரில் நடைபெற்ற ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜி கணேசனுக்குச் சிறந்த நடிகர் விருதும், ஜி. இராமநாதனுக்குச் சிறந்த இசையமைப்பாளர் விருதும் கிடைத்தன. கட்டபொம்மன் என்றவுடன் இன்றும் பலரது மனக்கண்ணில் எழும் உருவம் அப்படத்தில் கண்டதே ஆகும்.

அவரது வாழ்வில் 1961ஆம் ஆண்டே சிறந்தது என்று கொள்ளலாம். அவ்வாண்டில் இரு விடுதலை வீரர்களின் வரலாறுகளை அவர் படமாக்கி வெளியிட்டார். கன்னடத்தில் 'கித்தூர் சென்னம்மா'. தமிழில் 'கப்பலோட்டிய தமிழன்'. 1824இல் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட கித்தூர் அரசியாக பி. சரோஜாதேவி நடித்தார். 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியதற்காகவும் மக்களைத் திரட்டியதற்காகவும் சிறை சென்று செக்கிழுத்த வ. உ. சிதம்பரனாராகச் சிவாஜி கணேசன் நடித்தார். ம. பொ. சிவஞானம் எழுதிய வரலாற்று நூலே இத்தமிழ்ப் படத்துக்கு அடிப்படை. இரு படங்களும் அவ்வாண்டுக்கான தேசியத் திரைப்பட விருதுப் பட்டியலில் இடம்பெற்றன.

ஆனால் 'கப்பலோட்டிய தமிழன்' வெளியானபோது அரங்குகள் நிறையவில்லை. பந்துலுவுக்குப் பெரும் பொருளிழப்பு நேர்ந்தது. கப்பல் வாங்கிய சிதம்பரனாரும் தம் செல்வத்தை இழந்தவரே. பிற்காலத்தில் அப்படம் பள்ளி மாணவர்களுக்கும் விடுதலை நாள்களிலும் காட்டப்படும் படமாயிற்று என்பது வேறு. அன்று இழந்த பணம் திரும்பவில்லை. அதன் பின்னும் அவர் பெரும்படங்கள் எடுக்கத் தயங்கவில்லை. 1964ஆம் ஆண்டுப் பொங்கலன்று, குருச்சேத்திரப் போரைக் குதிரைகளும் தேர்களும் சூழக் காட்டிய 'கர்ணன்' வெளிவந்தது. குந்தியாக நடித்தவர், 'சம்சார நௌகா'வில் பந்துலுவுடன் நடித்த அதே எம். வி. இராஜம்மா.

அதே ஆண்டில் 'சின்னத கொம்பெ' என்னும் கன்னடப் படத்தில் ஜெயலலிதாவைக் கதாநாயகியாக்கினார். மறு ஆண்டில் எம்.ஜி.ஆரையும் ஜெயலலிதாவையும் முதன்முறையாக இணைத்து 'ஆயிரத்தில் ஒருவன்' எடுத்தார். அதன் கடற்காட்சிகளுக்குக் கருநாடகத்துக் கார்வார்க் கடற்கரையைத் தேர்ந்தார். கன்னடத் திரையுலகின் புகழ்பெற்ற இயக்குநர் புட்டண்ண கணகால் இவரிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றவர்.

இயக்குநரான பின்னும் பந்துலு நடிப்பைக் கைவிடவில்லை. 1970இல் அவர் இயக்கிய 'ஸ்ரீ கிருஷ்ணதேவராயா'வில் இராஜ்குமார் மன்னராக நடிக்க, அமைச்சர் திம்மரசராகப் பந்துலு நடித்தார். அந்நடிப்புக்குக் கருநாடக அரசின் சிறந்த நடிகர் விருது கிடைத்தது.

1974ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8ஆம் நாள் பந்துலு பெங்களூரில் காலமானார். அப்போது அவர் இயக்கிவந்த 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' முற்றுப்பெறாமல் இருந்தது. அதில் நாயகனாக நடித்த எம்.ஜி.ஆரே மீதிப் பகுதியை இயக்கி முடித்தார். படம் 1978இல் வெளிவந்தது. பந்துலுவின் மகள் பி. ஆர். விஜயலட்சுமி ஒளிப்பதிவாளரானார், ஆண்களே பணியாற்றிவந்த அத்துறையில் நுழைந்த முதல் பெண்களுள் ஒருவர் அவர். 'கர்ணன்' படம் 2012இல் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் வெளியானது. பந்துலு மறைந்து முப்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்த நிலையிலும் அது நூறு நாள்களைக் கடந்து ஓடியது.