தமிழில் மருத்துவம் பயிற்றிய டாக்டர் கிறீன்

விபத்து நேரும் இடத்தில் மருத்துவர் இருப்பது அரிது. வயல் வரப்பில் பாம்பு தீண்டியவரையும் கடலில் மூழ்கியவரையும் முதலில் அணுகுபவர் உறவினரோ அண்டை வீட்டாரோ ஆவர். அவர்கள் அறிந்த மொழியில் மருத்துவ அறிவு இருத்தல் வேண்டும். அவ்வறிவைத் தமிழுக்குக் கொணர்ந்தவருள் முதன்மையானவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1822-இல் பிறந்த அவர், நியூயார்க்கில் மருத்துவம் பயின்றார். காரைக்காலுக்குத் தெற்கே கடலுக்கு அப்பாலுள்ள யாழ்ப்பாணத்திற்கு, 1847-இல் அமெரிக்க மிஷன் மருத்துவராக வந்து, மானிப்பாயில் மருத்துவமனை அமைத்தார். வாந்திபேதி அடிக்கடி பரவி ஊர்களை வாட்டிய காலம் அது.

ஒருவர் எத்தனை பேருக்கு மருந்தளிக்க இயலும்? எனவே உள்ளூர் இளைஞர்க்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கிலமே பயிற்றுமொழி. ஆனால் ஆங்கிலம் கற்றுத் தேறியவருட் பலர் அரசுப் பணி நாடி வெளியூர் சென்றனர்; கிராமங்களின் நிலை மாறவில்லை. இதனைக் கண்ட கிறீன், 1860-களில் பயிற்றுமொழியைத் தமிழாக்கினார். தமிழில் கற்றவர் தம் ஊரிலேயே தங்கித் தொண்டாற்றுவர் என்பது அவர் துணிபு.

நூல்களும் கலைச்சொற்களும் இல்லாத நிலையில் தாமே தமிழ் பயின்று, மாணவர் துணையுடன் மொழிபெயர்த்தார். தமிழ்ச்சொல் இருப்பின் அதனைக் கொண்டார். இல்லையெனில் வடசொல்லை நாடினார். அதுவும் கிட்டாதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப அமைத்தார். ‘இரண வைத்தியம்’ 1867-இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872-இலும், ‘கெமிஸ்தம்’ 1875-இலும் வெளிவந்தன. உடல்நலம் குன்றி 1873-இல் தாயகம் திரும்பிய பின்னரும் தமிழ் நூற்பணியை அவர் கைவிடவில்லை. 1884-இல் மறைந்த அவர், தமிழர்க்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்றே தம் கல்லறை தம்மைக் குறிக்க வேண்டுமென விரும்பினார்.

இன்று காரைக்காலில் ஜிப்மர் கிளை 2016 முதல் மருத்துவக் கல்வி அளிக்கிறது; 108 என அழைத்தால் ஊர்தி வருகிறது. எனினும் அது வரும்வரையுள்ள நிமிடங்கள் நம் பொறுப்பே. குருதி பெருகும் காயத்தைத் தூய துணியால் விடாது அழுத்த வேண்டும். பாம்பு தீண்டிய இடத்தைக் கீறுதலும் உறிஞ்சுதலும் இறுகக் கட்டுதலும் தீது. உறுப்பை அசையாது வைத்து விரைந்து மருத்துவமனை சேர்த்தலே நன்று. நீரில் மூழ்கியவரைத் தலைகீழாகத் தூக்கிக் காலம் கடத்தலாகாது. மூச்சற்றிருப்பின் வாயில் வாய் வைத்து மூச்சூட்டி, நெஞ்சின் நடுவே நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை வலுவாக அழுத்துதல் வேண்டும்.

இவற்றை எளிய தமிழில் தெரு தோறும், பள்ளி தோறும் கொண்டு சேர்த்தல் தமிழ் பயிலும் மாணவர்க்கு உரிய பணி. பிற நாட்டார் ஒருவர் நம் மொழியில் தொடங்கிய தொண்டை நாம் தொடர்தல் கடனன்றோ!