யோசப் வாஸ் அடிகளார்: திரும்பிச் செல்லாத யாத்திரிகர்

மாத்தளை மாவட்டத்தின் கலேவெலப் பகுதியில் அமைந்துள்ள வஹாகோட்டை புனித அந்தோனியார் ஆலயத்தை அறியாதோர் இப்பிரதேசத்தில் மிகக் குறைவு. ஆண்டுதோறும் ஜூன் மாதத் திருவிழாவுக்கு நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் அங்கு வந்து கூடுகின்றனர். கண்டி மன்னரின் கைக்குள் அகப்பட்ட போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்கள் குடியேறிய ஊர் அது. காலப்போக்கில் மொழியாலும் வாழ்க்கை முறையாலும் அவர்கள் சிங்களக் கிராமத்தவராகவே மாறிவிட்ட போதிலும் தமது சமயத்தைக் கைவிடவில்லை. குருமார் எவரும் இல்லாதிருந்த ஒரு காலத்தில் கண்டி இராச்சியத்திலும் கரையோரங்களிலும் சிதறிக் கிடந்த இத்தகைய மக்களைத் தேடி வந்தவரே யோசப் வாஸ் அடிகளார்.

அவரது வாழ்வை இன்று நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டுத் திருச்சபைகளைச் சேர்ந்த இளைஞர் குழுக்கள் ஓரிரு வாரங்களுக்கு ஏழை நாடுகளுக்குச் சென்று சமயப் பணியாற்றித் திரும்புவது நம் காலத்தில் பெருவழக்காகிவிட்டது. அமெரிக்கத் திருச்சபைகளிலிருந்து மாத்திரம் ஆண்டுதோறும் பத்து இலட்சத்திற்கும் அதிகமானோர் இவ்வாறு புறப்படுவதாக 2000களின் நடுப்பகுதியில் ஆய்வாளர்கள் கணித்தனர். இப்பயணங்களின் பயன் யாது என்ற கேள்விக்கு யோசப் வாஸ் அடிகளாரின் வாழ்வைக் கொண்டே விடை தேடலாம் என நாம் கருதுகின்றோம்.

கோவாவிலுள்ள பெனோலிம் கிராமத்தில் 1651 ஏப்ரல் 21ஆம் திகதி கொங்கணி மொழி பேசும் குடும்பத்தில் அவர் பிறந்தார். 1676இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஐரோப்பியக் குருமாருக்குக் கிடைத்த மதிப்பு அக்காலத்தில் சுதேசக் குருமாருக்குக் கிடைக்கவில்லை. அந்நிலையில் கோவாவின் சுதேசக் குருமார் ஒன்றுகூடி அமைத்த ஓரட்டோரியன் சபைக்கு 1685 முதல் அவர் உருவம் கொடுத்தார்.

அவ்வேளையில் இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தர் வசமிருந்தது. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய அவர்கள் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து குருமாரை நாடு கடத்தினர். இங்கு ஓர் உண்மையை மறைத்தல் தகாது. அதற்கு முன்னர் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பலத்தைக் கொண்டு இந்துக் கோயில்களை இடித்தனர், முஸ்லிம்களைத் துரத்தினர். கரையோரத்தை விட்டு வெளியேறிய முஸ்லிம்களுக்கு 1626இல் கண்டி மன்னன் செனரத் கிழக்கிலங்கையில் இடமளித்தமை வரலாறு. வாளோடு வந்த சமயம் வாள் கைமாறியதும் தானே துன்பத்துக்குள்ளாயிற்று.

யோசப் வாஸ் அடிகளாருக்குப் பின்னால் அத்தகைய பலம் எதுவும் இருக்கவில்லை. யோவான் என்ற இளைஞன் ஒருவனை மாத்திரம் துணையாகக் கொண்டு 1686இல் கோவாவிலிருந்து புறப்பட்ட அவர், தூத்துக்குடி வழியாகக் கடல் கடந்து 1687இல் யாழ்ப்பாணத்தை அடைந்தார். அங்கு பிச்சைக்காரர் கோலத்திலேயே வீடு வீடாகச் சென்றார். கழுத்தில் அணிந்திருந்த செபமாலையைக் கண்டு நெருங்கி வந்தோரைக் கொண்டு கத்தோலிக்கரை இனங்கண்டார். தமிழைக் கற்றார். சில்லாலை மக்கள் அவருக்கு அடைக்கலம் கொடுத்தனர். ஒல்லாந்தரின் கெடுபிடி மிகவே, 1690இல் கண்டி மன்னனின் ஆட்சிக்குட்பட்ட புத்தளத்துக்குச் சென்றார்.

1692இல் கண்டிக்குச் சென்றபோது போர்த்துக்கேய ஒற்றர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். அச்சிறைக்காலத்திலேயே சிங்களத்தைக் கற்றுக்கொண்டார் என்பது நாம் கவனிக்கத்தக்கது. இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரது நேர்மையை உணர்ந்து விடுவித்ததோடு, தனது நாட்டில் தடையின்றிப் பணியாற்றவும் அனுமதித்தான். இதே மன்னன்தான் அரக்கானிலிருந்து பிக்குமாரை வரவழைத்துப் பௌத்த உபசம்பதையை மீள நிலைநாட்டியவன். தன் சமயத்தை வளர்த்த அரசனே பிற சமயத்தவருக்கும் நிழல் கொடுத்தான்.

1697இல் கண்டி நகரை வைசூரி தாக்கியது. மன்னனும் மக்களும் நகரை விட்டு அகன்றனர். நோயாளர்கள் கைவிடப்பட்டனர். அடிகளாரும் அவரது உறவினரான யோசப் கார்வாலோ அடிகளாரும் அங்கேயே தங்கி, நோயுற்றோருக்கு உணவளித்து, புண்களைக் கழுவி, இறந்தோரை அடக்கம் செய்தனர். எச்சமயத்தவர் என்று அவர்கள் கேட்கவில்லை. மன்னனின் நன்மதிப்பை அடிகளாருக்கு நிலையாகப் பெற்றுக்கொடுத்தது இப்பணியே.

பின்னர் கோவாவிலிருந்து மேலும் குருமார் வந்து சேர்ந்தனர். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்களை இயற்றினார். யோசப் வாஸ் அடிகளார் ஒருமுறையேனும் தாயகம் திரும்பாமல் 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியில் காலமானார். 1995இல் கொழும்பில் அருளாளராகவும், 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் புனிதராகவும் அவர் பிரகடனப்படுத்தப்பட்டார்.

இருபத்துநான்கு ஆண்டுகள் வாழ்ந்தவரை இரு வாரங்கள் தங்கிச் செல்லும் இளைஞரோடு ஒப்பிடுவது நியாயமா எனச் சிலர் கேட்கலாம். எல்லோரும் ஓரிடத்தில் ஆயுளைக் கழிக்க இயலாது என்பதை நாமும் ஏற்கின்றோம். குறுகிய பயணத்தில் வரும் மருத்துவரோ ஆசிரியரோ ஆற்றும் உதவியும் சிறியதன்று. எனினும் மொழியறியாமல் வந்து, உள்ளூர்த் தொழிலாளி செய்யக்கூடிய வேலையைத் தாம் செய்து, சிறுவர்களுடன் படமெடுத்துக்கொண்டு திரும்பும் பயணத்தில் பெரும்பயன் அடைவோர் பயணம் செய்தவர்களே. வறிய மக்களிடம் உதவியும் போதனையும் ஒரே கையால் நீட்டப்படும்போது சந்தேகம் எழுவதும் இயல்பு. 2004இல் மதமாற்றத் தடைச் சட்டமூலம் பாராளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டதன் பின்னணியில் இச்சந்தேகமே இருந்தது. அச்சட்டமூலத்தின் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என உயர் நீதிமன்றம் கருதியது. சந்தேகமோ நீங்கவில்லை.

இது கிறிஸ்தவர்களுக்கு மாத்திரம் உரிய பாடமன்று. மூன்று நாள், நாற்பது நாள் என தப்லீக் பணிக்காகப் புறப்படும் முஸ்லிம் இளைஞரும், விடுமுறையில் மலையகத் தோட்டங்களுக்குத் தொண்டாற்றவரும் புலம்பெயர் தமிழ் இளைஞரும் இதனைச் சிந்திக்கலாம். செல்லுமிடத்தின் மொழியில் நான்கு வார்த்தைகளாவது அறிந்து செல்லல், அங்குள்ளோர் அழைத்த பணியையே செய்தல், உதவி பெறுபவரின் சமயத்தை விசாரியாதிருத்தல், திரும்பிய பின்னரும் தொடர்பைப் பேணல் ஆகியன இரு வாரப் பயணத்திலும் கைக்கொள்ளக் கூடியவையே. குழுக்களை அனுப்பும் நிறுவனங்களும் அவற்றை வரவேற்கும் உள்ளூர்ச் சபைகளும் பயணத் திகதியைக் குறிக்கு முன்னர் இவற்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.