எதிர்ப்பொருளை எண்ணத்தாற் கண்ட டிராக்

கண்ணாற் காணாத ஒரு பொருளைக் கணக்கின் வழியே உளதென்று துணிந்து கூறுதல் எளிதன்று. கூறியபின் உலகம் அதனைக் கண்டு மெய்யென ஒப்புமாயின், கூறியவர் பெயர் அறிவுலகில் அழியாது நிற்கும். பௌதிக நூல் வல்லாருள் அத்தகைய புகழ் எய்தியவர் பால் டிராக் என்பார். இக்காலத்துக் கதைகளிலும் திரைப்படங்களிலும் எதிர்ப்பொருள் என்னும் சொல் பெரிதும் வழங்குகின்றது. அச்சொல்லின் பின்னுள்ள மெய்ம்மையையும், அதனை முதற்கண் உணர்ந்தவரது வாழ்க்கையையும் நம் கலாசாலை மாணாக்கர் அறிதல் நலமென்று கருதி ஈண்டுச் சுருங்க எழுதுகின்றோம்.

டிராக் இங்கிலாந்தின் மேற்கேயுள்ள பிரிஸ்டல் நகரில் 1902-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 8-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சுவிட்சர்லாந்திலிருந்து வந்து குடியேறியவர், பிரஞ்சு மொழி ஆசிரியர், கண்டிப்பு மிக்கவர். உண்ணும்போது தம்மோடு பிரஞ்சிலேயே பேசவேண்டுமென்றும், அதனையும் பிழையின்றிப் பேசவேண்டுமென்றும் மகனுக்கு விதித்திருந்தார். பிழைபடப் பேசுவதினும் பேசாதிருத்தலே நன்றென்று சிறுவர் கண்டார். இளமையிற் படிந்த அம் மௌனம் வாழ்நாள் முழுதும் அவரை விட்டு நீங்கவில்லை. பிற்காலத்தே கேம்பிரிட்ஜ் நண்பர்கள், ஒரு மணி நேரத்துக்கு ஒரு சொல் என்பதைப் பேச்சின் அளவையாகக் கொண்டு, அதற்கு டிராக் என்று வேடிக்கையாகப் பெயரிட்டனர்.

அவர் முதலிற் கற்றது மின்சாரப் பொறியியலே. 1921-இல் பட்டம் பெற்றார். ஆயினும், போருக்குப் பிந்திய அக்காலத்தில் வேலை கிடைத்திலது. பிரிஸ்டல் கணித ஆசிரியர்கள் இவரது திறமையறிந்து, சம்பளமின்றிக் கணிதம் கற்க இடமளித்தனர். வேலையின்மை என்னும் அத்தீங்கே பின்னர் உலகுக்கு நன்மையாய் முடிந்தது. 1923-இல் உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜ் சேர்ந்தார். 1925-இல் அவருடைய தமையனார் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அத்துயரைப்பற்றி அவர் பிறரிடம் பேசியது அரிது. அவ்வாண்டிலேதான் ஹைசன்பர்க் என்னும் ஜெர்மானிய அறிஞர் எழுதிய புதிய குவாண்டம் கொள்கை அவர் கைக்கு எட்டியது. அடுத்த ஆண்டில் அத்துறையிலேயே நூல் எழுதி டாக்டர் பட்டமும் பெற்றார்.

1928-இல் அவர் வெளியிட்ட சமன்பாடே அவர் புகழுக்கு அடிப்படை. ஐன்ஸ்டைனுடைய சார்புக் கொள்கையையும் குவாண்டம் கொள்கையையும் எலெக்ட்ரானிடத்தே ஒருங்கு பொருத்த விரும்பி அதனை அமைத்தார். எலெக்ட்ரானின் சுழற்சியும் காந்தத் தன்மையும் வலிந்து புகுத்தாமலே அதிலிருந்து வெளிப்பட்டன. ஆனால் வேண்டாத விருந்தாளி ஒன்றும் உடன் வந்தது. நான்கு என்னும் எண்ணுக்கு இரண்டு வர்க்கமூலமாவதுபோலவே, எதிர்மறை இரண்டும் வர்க்கமூலமாகும் அன்றோ? அதுபோல, அச்சமன்பாடு எதிர்மறைச் சக்தியுடைய எலெக்ட்ரான்களையும் காட்டிற்று. பழைய பௌதிகத்தில் இத்தகைய விடையைப் பொருளற்றதென்று தள்ளிவிடலாம். குவாண்டம் கொள்கையிலோ எலெக்ட்ரான் ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குத் தாவும் இயல்பினது. ஆதலின் தள்ளுதற்கு இயலாதாயிற்று.

டிராக் 1930-இல் ஒரு வழி கூறினார். எதிர்மறைச் சக்தி நிலைகள் யாவும் ஏற்கெனவே எலெக்ட்ரான்களால் நிறைந்துள்ளன. ஒரு நிலையில் ஒன்றேயன்றி இரண்டு இருத்தலாகாமையால், பிறவற்றிற்கு அங்கே இடமில்லை. நிறைந்த அவ்விடத்தில் ஓரிடம் வெறுமையானால், அவ்வெற்றிடம் நமக்கு நேர்மின்சாரமுடைய துகளாகத் தோன்றும். அக்காலத்தில் அறியப்பட்ட நேர்மின் துகள் புரோட்டான் ஒன்றே. ஆகவே அவ்வெற்றிடமே புரோட்டான் எனக் கூறினார். இங்கே அவர் தடுமாறினார் என்றே கூறவேண்டும். புரோட்டானோ எலெக்ட்ரானைக் காட்டிலும் ஏறத்தாழ 1836 மடங்கு கனமுடையது. வெற்றிடத்தின் கனம் எலெக்ட்ரானின் கனத்துக்குச் சமமாகவே இருத்தல் வேண்டுமென்று வெய்ல் காட்டினார். டிராக் கூற்று மெய்யாயின் அணுக்கள் யாவும் கணத்தில் அழிந்துபோமென்று ஒப்பன்ஹைமர் காட்டினார். புதிய துகளைச் சொல்லத் தயங்கி, அறிந்த துகளைக் கொண்டு இடத்தை நிரப்பினமையே பிழையாயிற்று. பிழையென்று தெளிந்ததும் டிராக் அதனைப் பற்றிக்கொண்டிருக்கவில்லை. 1931-இல், எலெக்ட்ரானுக்கு ஒத்த கனமும் மாறுபட்ட மின்சாரமும் உடைய, அதுகாறும் எவரும் காணாத துகள் ஒன்று உண்டென எழுதினார். எலெக்ட்ரானோடு அது கூடின் இரண்டும் அழிந்து ஒளிக்கதிராய் மாறும் என்பது அதன் இயல்பு.

அமெரிக்காவிற் காலிபோர்னியா நாட்டுப் பாசடீனா நகரில் கார்ல் ஆண்டர்ஸன் என்பவர் விண்ணிலிருந்து வரும் கதிர்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். டிராக்கின் கூற்றைத் துணையாகக் கொண்டு தேடியவரல்லர் அவர். 1932-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் அவர் எடுத்த படத்தில், ஒரு துகள் 6 மில்லிமீட்டர் கனமுள்ள ஈயத் தகட்டை ஊடுருவிய சுவடு காணப்பட்டது. தகட்டைக் கடந்த துகள் வேகங் குறைந்து காந்தத்தால் மிகுதியாக வளையும். ஆதலின் அது சென்ற திசை தெளிவாயிற்று. திசை தெரியவே மின்சாரம் நேர்மின்சாரம் என்பதும், சுவட்டின் நீளத்தால் அது புரோட்டான் அன்றென்பதும் விளங்கின. பாஸிட்ரான் என்னும் பெயர் அதற்கு வழங்கலாயிற்று. அவ்வாண்டிலேயே, முன்னாளில் நியூட்டன் வகித்த லூகாஸியன் கணிதப் பேராசிரியர் பதவி டிராக்குக்குக் கிடைத்தது. 1933-இல் ஷ்ரோடிங்கரோடு நோபெல் பரிசினைப் பகிர்ந்துகொண்டார். விளம்பரத்துக்கு அஞ்சிப் பரிசை மறுக்க எண்ணியவரை, மறுத்தால் விளம்பரம் இன்னும் மிகும் என்று ரதர்போர்டு எடுத்துக்கூறி ஏற்கச் செய்தார். ஸ்டாக்ஹோமுக்குத் தாயாரை மட்டும் அழைத்துச் சென்றார்.

நம் சென்னைப் பிரஸிடென்ஸி கலாசாலையிற் பயின்ற சந்திரசேகர் கேம்பிரிட்ஜில் இருந்த காலத்தில், அவரைக் கோபன்ஹேகன் சென்று சில காலம் தங்குமாறு ஊக்கியவரும் இவரே என்பதை ஈண்டு நினைவுகூர்கின்றோம்.

இனிக் கதையாசிரியர் செய்ததைக் காண்போம். ஜாக் வில்லியம்ஸன் 1942 முதல், எதிர்ப்பொருளாலான விண்பாறைகளை வைத்துக் கதைகள் எழுதினார். ஐஸக் அஸிமாவ் தம் இயந்திர மனிதருடைய மூளைக்குப் பாஸிட்ரான் பெயரைச் சூட்டினார். 1966-இல் தொடங்கிய ஸ்டார் டிரெக் தொடரில் விண்கப்பல் எதிர்ப்பொருளின் வலியால் ஓடிற்று. டான் பிரவுனின் 2000-ஆம் ஆண்டு நாவலில் கால் கிராம் எதிர்ப்பொருள் களவு போகின்றது. இவற்றுள் ஒரு மெய் உண்டு. ஒரு கிராம் எதிர்ப்பொருள் ஒரு கிராம் பொருளோடு கூடி அழியின், ஹிரோஷிமாவில் வெடித்த குண்டைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு சக்தி வெளிப்படும். ஆயினும் கதைகள் பெரும்பாலும் விடுப்பது ஒன்று உண்டு: எதிர்ப்பொருளுக்குச் சுரங்கம் இல்லை. துகள் துகளாக நாமே உண்டாக்கவேண்டும். உண்டாக்கச் செலவாகும் சக்தி, அதனாற் பெறும் சக்தியினும் மிக மிகப் பெரிது. ஜெனீவாவையடுத்த செர்ன் நிலையம் இதுகாறும் செய்த எதிர்ப்பொருள் முழுவதையும் சேர்த்தாலும், ஒரு மின்விளக்கைச் சில நிமிடமே எரிக்கலாம் என்பர்.

மெய்யான எதிர்ப்பொருள் அழிவுக்கன்றி உதவிக்கே வந்துள்ளது. மருத்துவசாலைகளிற் பெட் ஸ்கேன் எடுக்கும்போது, பாஸிட்ரானை வெளிவிடும் மருந்தை நோயாளியின் உடலிற் செலுத்துகின்றனர். அப்பாஸிட்ரான் உடலிலுள்ள எலெக்ட்ரானோடு கூடி அழியுங்கால், இரு கதிர்கள் எதிரெதிர்த் திசையிற் செல்லும். அவற்றைக் கொண்டு புற்றுநோய் உள்ள இடத்தை அறிகின்றனர். 1955-இல் எதிர்ப்புரோட்டான் காணப்பட்டது. 1995-இல் செர்ன் நிலையத்தார் எதிர் ஹைட்ரஜன் அணுக்கள் ஒன்பதை ஆக்கினர். எதிர் ஹைட்ரஜனும் பூமியை நோக்கிக் கீழேயே விழுமென்பதை 2023-இல் அறிவித்தனர். பொருளும் எதிர்ப்பொருளும் சமமாகத் தோன்றியிருப்பின், உலகிற் பொருள் மட்டும் எஞ்சியது எவ்வாறு என்னும் வினாவுக்கு இன்னும் விடை கிடைத்திலது.

டிராக் 1969 வரை கேம்பிரிட்ஜ்ப் பதவியில் இருந்து, பின்னர் அமெரிக்காவிலுள்ள பிளாரிடா சென்று, 1984-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் அங்கே காலமானார். எதிர் ஹைட்ரஜன் ஆக்கப்பட்ட 1995-ஆம் ஆண்டிலேயே, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நியூட்டன் கல்லறைக்கு அருகே அவர் பெயரால் ஒரு கல் பதிக்கப்பட்டது. அக்கல்லில் அவர்தம் சமன்பாடு பொறிக்கப்பெற்றுள்ளது. சொற் சுருங்கிய அப்பெரியாருக்கு அதனினும் தகுந்த நினைவுரை வேறில்லை. கணக்கிடுங்கால் வேண்டாத விடை வரின், அதனை அடித்துவிடுமுன் ஒரு கணம் டிராக்கை நினைக்குமாறு நம் மாணாக்கரை வேண்டிக்கொள்கின்றோம்.