சாயலுக்கு ஓர் இருக்கை

கடவுள் மனிதனைத் தம்முடைய சாயலாகப் படைத்தார் என்ற கருத்து பைபிளின் முதல் அதிகாரத்திலேயே வருகிறது. யூதர்கள் இதைத் தங்கள் ஐந்து திருநூல்களுள் முதலாவதில் படிக்கிறார்கள். கிறிஸ்தவர்கள் அதே நூலை ஆதியாகமம் என்று போற்றுகிறார்கள். பசித்தவனுக்கு உணவளிப்பதும், அந்நியனுக்கு இடமளிப்பதும் தமக்கே செய்யும் பணி என்று கூறி, இயேசுபிரான் இக்கருத்துக்கு மேலும் ஆழம் தந்தார்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இச்சமயங்களின்படி மனிதன் கடவுள் அல்லன்; கடவுளின் சாயலைத் தாங்கி நிற்பவன். அரசனின் உருவம் பொறித்த நாணயத்தைக் காலால் மிதிப்பவன் அரசனையே அவமதிக்கிறான். அவ்வாறே மனிதனை இழிவுபடுத்துபவன் அவனைப் படைத்தவரையே இழிவுபடுத்துகிறான்.

இந்த உண்மையை ஏட்டில் படிப்பது எளிது. நம் பக்கத்தில் வந்து அமர்பவரிடம் அதைக் காண்பது கடினம். நம்மைத் தள்ளி வைப்பவரிடமும் அதைக் காண்பது மிக மிகக் கடினம். கொச்சியில் வாழ்ந்த ஆபிரகாம் பராக் சாலேம் என்ற யூதப் பெரியவர் தம் வாழ்நாள் முழுவதும் இந்தக் கடினமான பாடத்தையே பயின்றார்.

படியில் அமர்ந்தவர்கள்

கொச்சி மன்னரின் மட்டாஞ்சேரி அரண்மனையை ஒட்டி, 1568-இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயம் உள்ளது. அரண்மனை வளாகத்தில் பழையன்னூர் பகவதி கோயில். அடுத்தாற்போல் யூதர்களின் ஆலயம். வேற்று நாடுகளில் துன்புறுத்தப்பட்டு வந்த யூதர்களுக்குக் கொச்சி மன்னர்கள் நிலம் தந்தார்கள், பாதுகாப்பும் தந்தார்கள்.

அந்நிய மண்ணில் இவ்வளவு அன்பைப் பெற்றவர்கள், தங்களுக்குள்ளேயே சிலரை ஒதுக்கி வைத்ததுதான் விந்தை. ஒரு காலத்தில் அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் சந்ததியினரை அவர்கள் மெஷுக்ராரிம் என்று அழைத்தார்கள். விடுவிக்கப்பட்டவர்கள் என்பது இந்த எபிரேயச் சொல்லின் பொருள். ஆனால் ஆலயத்தினுள் அவர்களுக்கு விடுதலை இல்லை. மற்றவர்கள் இருக்கைகளில் அமர்ந்து வழிபட, இவர்கள் முன்கூடத்திலும் படிகளிலும் தரையிலும் அமர வேண்டியிருந்தது. திருநூலை வாசிக்கும் உரிமையும் மறுக்கப்பட்டது. திருமண உறவு இல்லை. இறந்த பின்னும் வேற்றுமை தொடர்ந்தது. கல்லறைத் தோட்டத்திலும் இடமில்லை.

யூத சமயச் சட்டம் இதற்கு இடம் தரவில்லை. விடுதலை பெற்று, முறைப்படி சமயத்தில் சேர்ந்தவர் முழுமையான யூதரே. கொச்சி யூதர்களிடையே நிலவிய இத்தகைய ஏற்றத்தாழ்வு பற்றி 16-ஆம் நூற்றாண்டிலேயே எகிப்துக்குக் கடிதம் எழுதிக் கேட்கப்பட்டது. அங்கு வாழ்ந்த தாவீது இப்னு சிம்ரா என்ற பேரறிஞர், ஒதுக்கப்பட்டவர்களுக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தார். ஆயினும் சாஸ்திரத்தை விட வழக்கம் வலிமை பெற்றது.

சாலேமின் வாழ்க்கை

இத்தகைய குடும்பம் ஒன்றில் 1882-ஆம் ஆண்டு சாலேம் பிறந்தார். தாயின் அரவணைப்பில் வளர்ந்தார். எறணாகுளம் மகாராஜா கல்லூரியிலும், பின்னர் சென்னையிலும் பயின்று பட்டம் பெற்றார். சட்டமும் படித்தார். அவருடைய பிரிவினருள் முதல் பட்டதாரி அவரே. கொச்சி யூதர்களுள் முதல் வழக்கறிஞரும் அவரே.

எறணாகுளத்தில் வழக்கறிஞராகத் தொழில் நடத்திய அவர், தொழிலாளர்களின் உரிமைகளுக்காகவும் பாடுபட்டார். 1925 முதல் 1931 வரையிலும், மீண்டும் 1939 முதல் 1945 வரையிலும் கொச்சி சமஸ்தானத்தின் சட்டசபையில் உறுப்பினராகத் தொண்டாற்றினார். 1929 இறுதியில், பூரண சுதந்திரம் வேண்டித் தீர்மானம் நிறைவேற்றிய லாகூர் காங்கிரஸ் மகாசபையில் கலந்துகொண்டார்.

சட்டசபையில் அவருக்கு ஆசனம் இருந்தது. தம் சொந்த ஆலயத்தில் இல்லை!

அந்நாட்களில் கேரளம் விழித்தெழுந்து கொண்டிருந்தது. 1924-இல் வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் அனைவரும் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. அதில் முன்னின்றவர்களுள் ஒருவர் ஜார்ஜ் ஜோசப் என்ற கிறிஸ்தவர். இந்து சமயத்தின் குறையை இந்துக்களே களைய வேண்டும் என்று காந்தியடிகள் அவருக்கு அறிவுறுத்தினார். அப்போது கிறிஸ்தவர்களின் வீட்டிலும் களைய வேண்டிய களை இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்தவர்களுக்குத் தேவாலயங்களில் சமமான இடம் கிடைக்கவில்லை. இறைச்சாயலைப் போதிக்கும் நூலைக் கையில் வைத்திருப்பது மட்டும் போதாது என்பதற்கு இரு சமூகங்களும் சான்றாயின.

சாலேம் தம் வீட்டுக் களையைக் களைய முற்பட்டார். அவர் வழக்கறிஞர், வாதிட்டு வெல்லும் திறன் உள்ளவர். வேறோர் ஆலயம் கட்டிப் பிரிந்து போயிருக்கவும் முடியும். ஆனால் அவர் தேர்ந்தெடுத்தது சத்தியாக்கிரகம். சிறிது காலம் ஆலயத்தைப் புறக்கணித்தார். அகிம்சை வழியில் தம் எதிர்ப்பை இடைவிடாது உணர்த்தினார். யூத காந்தி என்று மக்கள் அவரை அழைத்தார்கள்.

சத்தியாக்கிரகத்திற்கு ஓர் அடிப்படை உண்டு. எதிரில் நிற்பவரிடம் மனசாட்சி இருக்கிறது, அது என்றாவது விழிக்கும் என்ற நம்பிக்கையே அது. தம்மிடம் உள்ள இறைச்சாயலை மதிக்கும்படி சாலேம் கேட்டார்; கேட்ட விதத்தில், அவர்களிடம் உள்ள சாயலையும் மதித்தார்.

மாற்றம் மெல்ல வந்தது. 1930-களில் பழைய தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. எனினும் உள்ளங்கள் உடனே மாறிவிடவில்லை. 1950-இல் அவருடைய மகன் ஒருவர், உயர்ந்ததாகக் கருதப்பட்ட பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். அத்திருமணத்தை மட்டாஞ்சேரியில் நடத்த இயலவில்லை. மும்பையில் நடத்த வேண்டியிருந்தது.

தங்கிவிட்டவர்

1933-இல் பாலஸ்தீனம் சென்று வந்த சாலேம், யூதர்களின் தாயகத்தில் ஈடுபாடு கொண்டார். இஸ்ரேல் உருவான பிறகு கொச்சி யூதர்கள் அங்கு குடியேற விரும்பினார்கள். யானைக்கால் நோய் பரவிவிடுமோ என்ற அச்சத்தால் அனுமதி தாமதமானது. முதுமையிலும் சாலேம் இஸ்ரேல் சென்று அவர்களுக்காகப் பரிந்து பேசினார். தம் பிரிவினருக்காக மட்டும் அவர் பேசவில்லை. மலபார் யூதர் அனைவருக்காகவும் பேசினார். 1950-களின் நடுவில் பெரும்பாலோர் கப்பலிலும் விமானத்திலும் புறப்பட்டுச் சென்றார்கள்.

அனைவரும் செல்ல வழி செய்தவர் தாம் செல்லவில்லை. தம்மைத் தள்ளி வைத்தவர்களின் நடுவிலேயே, அதே மட்டாஞ்சேரியில் இறுதிவரை வாழ்ந்தார். 1967-இல் அவர் காலமானபோது, அவருடைய முன்னோருக்கு மறுக்கப்பட்ட கல்லறைத் தோட்டத்திலேயே அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. ஆலயத்தை நோக்கிச் செல்லும் யூதத் தெரு இன்று அவர் பெயரையும் தாங்கியுள்ளது.

இறைவனின் சாயலை மனிதனிடம் காண்பது தியான வேளையில் எழும் இனிய உணர்ச்சி மட்டுமன்று. நம் வீட்டு வாசலில் யாரை நிற்க வைக்கிறோம், பந்தியில் யாரைக் கடைசியில் அமர்த்துகிறோம், யாருக்குத் தனிக் குவளை வைத்திருக்கிறோம் என்பவற்றில்தான் அது சோதிக்கப்படுகிறது. நாம் ஒதுக்கப்படும்போது, ஒதுக்குபவரை வெறுக்காமல் நிற்பதில் அது நிறைவு பெறுகிறது. முதலாவது நீதி, இரண்டாவது அன்பு. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்பவரே கடவுளின் சாயலை உள்ளபடி கண்டவர்.