முத்தொளி ஆராய்ந்த மேதை

நம் கொற்கை முத்தின் ஒளி எவ்வாறு பிறக்கிறது என்று ஆராய்ந்தவர் சர் சி. வி. இராமன். 1888-இல் திருச்சியில் பிறந்தவர். கல்கத்தாவில் அரசாங்கக் கணக்கு அலுவலராயிருந்தபடியே ஆய்வு செய்தவர். ஒளிச்சிதறல் ஆய்வுக்காக 1930-இல் நோபல் பரிசு பெற்றவர். பின்னர் வைரம், கிளிஞ்சல், முத்து ஆகியவற்றில் அவர் நாட்டம் சென்றது. முத்து, வெங்காயம்போல் ஏடேடாய் அடுக்கிய சுண்ணாம்புப் பொருளே. அம்மெல்லிய ஏடுகளில் ஒளி படும் விதத்தால் மினுமினுப்பு உண்டாவதை, 1954-இல் கிருஷ்ணமூர்த்தியுடன் சேர்ந்து விளக்கினார்.

ஆனால் 1933-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் கமலா பாகவத்தைப் பெண் என்பதற்காகவே சேர்க்க மறுத்தவரும் அவரே. நமக்கு இது வருத்தந்தான். கமலா விடவில்லை, ஓராண்டுச் சோதனைக்கு உடன்பட்டுச் சேர்ந்து, உழைப்பால் இராமனின் மனத்தை மாற்றினார். 1940-இல் அவரது ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த அன்னா மணி, வைரமும் மாணிக்கமும் ஆராய்ந்தார்.